பலாக்கொட்டைப் புரதத்தின் சர்க்கரைச் சங்கிலியை நொதி ஏன் வெட்டவில்லை?

கேள்வி
ஏற்காட்டு மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் சேலத்தில் உயிர்வேதியியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் ஏற்காடு. எங்கள் வீட்டையொட்டிக் காப்பிச் செடிகளுக்கு நிழலாக நிற்கும் பலாமரங்களின் கொட்டைகளையே ஆய்வேட்டுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டேன். கொட்டையின் தோலை நீக்கி, நறுக்கி உலர்த்தி, மிக்சியில் பொடித்து, உப்புக்கரைசலில் ஓர் இரவு குளிர்பெட்டியில் ஊறவைத்து வடித்தேன். அந்தச் சாற்றிலிருந்து அம்மோனியம் சல்பேட்டால் புரதத்தை வீழ்படிவாக்கி, கேலக்டோஸ் பிணைத்த நிரலில் ஏற்றி, பிறகு கேலக்டோஸ் கரைசலை ஊற்றி இறக்கியபோது ஜாகலின் என்னும் லெக்டின் (சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) நல்ல தூய்மையுடன் கிடைத்தது.

இதை, புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் எஸ்.டி.எஸ். ஜெல்லில் ஓட்டினால் 15 கிலோடால்டன் அருகே ஒரு பட்டையும், அதற்குக் கீழே 12 கிலோடால்டன் அருகே இன்னொரு பட்டையும் தெரிகின்றன. ஜெல்லின் மறுபாதியைச் சர்க்கரைக்குரிய பெர்அயோடிக் அமிலம்–ஷிஃப் சாயத்தில் இட்டபோது மேல்பட்டை மட்டும் ரோஜா நிறத்தில் எழுந்தது. கீழ்ப்பட்டை எழவே இல்லை. ஆகவே மேலே இருப்பது சர்க்கரைச் சங்கிலி ஏறிய புரதம், கீழே இருப்பது ஏறாத புரதம் என்று எடுத்துக்கொண்டேன்.

சிக்கல் இதற்குப் பிறகுதான் வருகிறது. சங்கிலியை நீக்கினால் மேல்பட்டை இறங்கிக் கீழ்ப்பட்டையோடு சேர வேண்டும் என்று எண்ணி, புரதத்திலிருந்து சர்க்கரைச் சங்கிலியை வெட்டும் பிஎன்கேஸ் எஃப் நொதியைப் பயன்படுத்தினேன். புரதத்தை எஸ்.டி.எஸ். சேர்த்துக் கொதிக்கவைத்தேன், எஸ்.டி.எஸ். நொதியைக் கெடுக்கும் என்பதால் அதை அடக்க என்.பி.-40 என்னும் மென்மையான சோப்புப்பொருளைச் சேர்த்தேன், 37 பாகையில் இரவு முழுவதும் வைத்தேன். மறுநாள் ஜெல்லில் நொதியின் சொந்தப் பட்டை 35 கிலோடால்டன் அருகே அழகாகத் தெரிந்தது. பலாக்கொட்டைப் பட்டைகள் இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒப்பீட்டுக்காக வைத்த மாட்டுக் கணைய ரைபோநியூக்ளியேஸ் பி மட்டும் ஒழுங்காக இறங்கியிருந்தது. சங்கிலியை வெட்டும் இன்னொரு நொதியான எண்டோ எச்சிலும் இதே கதைதான். மூன்று முறை செய்துவிட்டேன்.

நொதி கெட்டிருக்கும், புதிதாக வாங்கு என்று சொல்கிறார்கள். அதன் விலை எனக்குத் தாங்காது. ஒப்பீட்டுப் புரதம் இறங்கியிருக்கும்போது நொதி கெட்டிருக்கும் என்று நம்பவும் மனம் வரவில்லை. தவறு எங்கே இருக்கிறது? கூடவே இன்னொரு சந்தேகமும் உண்டு. புரதத்தின் அமினோ அமில வரிசை டி.என்.ஏ.வில் எழுதப்பட்டிருக்கிறது. சர்க்கரைகளின் வரிசை எங்கே எழுதப்பட்டிருக்கிறது? பாடநூலில் படத்தைப் பார்த்திருக்கிறேன். ஆனால் யாராவது பொறுமையாக விளக்கினால் நன்றாக இருக்கும்.


மறுமொழி 1
அஸ்தம்பட்டி ஆசிரியர் எழுதியது:

வணக்கம் அம்மா. உங்கள் நொதி கெடவில்லை. உங்கள் கைவேலையிலும் தவறு தெரியவில்லை. வெட்டவில்லை என்பதே உங்கள் புரதத்தைப் பற்றிய ஒரு செய்தி. அந்தச் செய்தியைப் படிக்க வேண்டுமானால் உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சர்க்கரைகளின் வரிசை எங்கும் எழுதப்படவில்லை. டி.என்.ஏ.வைப் போலவோ ஆர்.என்.ஏ.வைப் போலவோ பார்த்துப் படியெடுக்க ஓர் அச்சு சர்க்கரைச் சங்கிலிக்குக் கிடையாது. மரபணுவில் இருப்பவை சர்க்கரையை ஏற்றும் நொதிகளும் இறக்கும் நொதிகளும்தான். அந்த நொதிகள் செல்லுக்குள் எந்த அறையில் எந்த வரிசையில் நிற்கின்றன என்பதே சங்கிலியின் வடிவத்தை முடிவு செய்கிறது. நம் ஊர் வெள்ளிக் கொலுசை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பி இழுப்பவர் ஒரு வீட்டில், வளையம் கோப்பவர் இன்னொரு வீட்டில், பொடி வைத்து ஊதுபவர் வேறொரு பட்டறையில், சலங்கை வைப்பவரும் மெருகு போடுபவரும் அடுத்தடுத்த தெருக்களில் இருக்கிறார்கள். கொலுசைக் கையில் எடுத்துப் பார்த்தாலே அது எந்தப் பட்டறை வரை போயிருக்கிறது, எதைத் தாண்டவில்லை என்று தொழில் தெரிந்தவர் சொல்லிவிடுவார். புரதத்தின் சர்க்கரைச் சங்கிலியும் அதைப் போலத்தான், அது நடந்துவந்த வழியைத் தன் மேலேயே சுமந்திருக்கிறது.

அச்சு இல்லாமல் இத்தனை நுட்பம் ஏன் தேவைப்படுகிறது என்றால், சர்க்கரைகள் இணையும் வழிகள் அத்தனை. இரண்டு கிளைசின்களை ஒரே விதமாகத்தான் இணைத்து இருமமாக்க முடியும். இரண்டு குளுக்கோஸ்களையோ, ஆறு அணு வளையங்களாகவே வைத்துக்கொண்டாலும், 11 விதமாக இணைக்கலாம். ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் மரவள்ளி மாவில் குளுக்கோஸ் மட்டும்தான் இருக்கிறது; ஆல்ஃபா 1,4 பிணைப்பும் இடையிடையே ஆல்ஃபா 1,6 கிளையும் தவிர வேறு எதுவும் இல்லை. புரதத்தில் ஏறும் சங்கிலியில் ஐந்தாறு வகைச் சர்க்கரைகளும் பல வகைப் பிணைப்புகளும் சேர்ந்து வருகின்றன. எந்தச் சர்க்கரை என்பதோடு எந்தக் கார்பனில் என்பதும் சேர்ந்தே முக்கியம். உங்கள் சிக்கலின் முடிச்சு அங்கேதான் விழுந்திருக்கிறது.

இப்போது வழியைப் பார்ப்போம். அஸ்பராஜினில் ஏறும் சங்கிலியை என்-சங்கிலி என்கிறோம். அது புரதத்தின் மீது ஒவ்வொரு சர்க்கரையாகக் கட்டப்படுவதில்லை. டோலிகால் என்னும் நீண்ட கொழுப்பு மூலக்கூற்றின் மேல், செல்லுக்குள் இருக்கும் சவ்வு அறையான எண்டோபிளாச வலையின் வெளிப்பக்கத்தில் கட்டுமானம் தொடங்குகிறது. முதலில் இரண்டு என்-அசிட்டைல்குளுக்கோசமைன், பிறகு ஐந்து மானோஸ். அந்த ஏழு சர்க்கரைக் கட்டு சவ்வுக்கு உட்பக்கமாகப் புரட்டப்பட்டு, உள்ளே மேலும் நான்கு மானோஸும் மூன்று குளுக்கோஸும் ஏறுகின்றன. ஆக மொத்தம் 14 சர்க்கரைகள். சர்க்கரையை ஏற்றுவதற்கு முன் நியூக்ளியோடைடு ஒன்றோடு பிணைத்துத் தயார்நிலையில் வைக்கும் இந்த ஏற்பாட்டைக் கண்டறிந்ததற்காகத்தான் அர்ஜென்டினாவின் லூயிஸ் லெலுவாருக்கு 1970-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

புரதம் ரைபோசோமிலிருந்து வலைக்குள் நீண்டு வரும்போதே அந்த 14 சர்க்கரைக் கட்டு முழுவதும் ஒரே வீச்சில் அஸ்பராஜினுக்கு மாற்றப்படுகிறது. எல்லா அஸ்பராஜினுக்கும் அந்த வாய்ப்பு இல்லை: அஸ்பராஜின், அடுத்து புரோலின் தவிர வேறு ஏதேனும் ஒன்று, அதற்கடுத்து செரின் அல்லது திரியோனின் என்ற வரிசை இருந்தாக வேண்டும். அந்த வரிசை இருப்பதாலேயே சங்கிலி ஏறிவிடும் என்றும் சொல்ல முடியாது. 1938-இல் ஆல்பர்ட் நியூபெர்கர் முட்டை வெள்ளைக்கருப் புரதத்தை ஆராய்ந்து, சர்க்கரை அதில் கலந்திருக்கும் அழுக்கு அன்று, அப்புரதத்தின் உறுப்பே என்று காட்டினார். அந்த ஓவால்புமினிலேயே இப்படிப்பட்ட இடங்கள் இரண்டு இருந்தும், வெள்ளைக்கருவில் கிடைப்பதில் ஒன்றில்தான் சங்கிலி ஏறியிருக்கிறது. உங்கள் ஜெல்லில் மேலும் கீழுமாக இரண்டு பட்டைகள் இருப்பதும் இதே காரணத்தால்தான். ஒரே புரதத்தின் சில பிரதிகளில் சங்கிலி ஏறியிருக்கிறது, சிலவற்றில் ஏறவில்லை.

ஏறிய கையோடு இறக்கும் வேலை தொடங்குகிறது. கட்டி முடித்ததை உடனே ஏன் பிரிக்க வேண்டும் என்று மாணவர்கள் ஆண்டுதோறும் கேட்பார்கள். முதல் குளுக்கோசிடேஸ் நுனிக் குளுக்கோஸையும், இரண்டாம் குளுக்கோசிடேஸ் அடுத்ததையும் நீக்கிவிட்டு, ஒரே குளுக்கோஸ் மிச்சமிருக்கும் நிலையில் கால்நெக்சின், கால்ரெடிகுலின் என்னும் துணைப்புரதங்கள் அதைப் பிடித்துக்கொண்டு புரதம் சரியாக மடிய உதவுகின்றன. கடைசிக் குளுக்கோஸும் போனபின் சோதனை நடக்கிறது: மடிப்பு சரியில்லாத புரதத்தை ஒரு நொதி அடையாளம் கண்டு மீண்டும் ஒரு குளுக்கோஸை ஏற்றித் துணைப்புரதத்திடமே திருப்பி அனுப்புகிறது. இது நடந்துகொண்டிருக்கையில் மானோஸை நீக்கும் நொதிகள் மெதுவாக வேலை செய்துகொண்டே இருக்கின்றன. நெடுநேரம் சுற்றியும் மடியாத புரதம் மானோஸ்களைக் கூடுதலாக இழந்து, சிதைப்பதற்கு வெளியே தள்ளப்படுகிறது. சங்கிலி இங்கே ஒரு கடிகாரமாகவும் இருக்கிறது. இதுவரை நடந்தவை செடிக்கும் விலங்குக்கும் பெரும்பாலும் பொதுவானவை.

வலைக்கு அடுத்த சவ்வு அறையான கோல்கை உறுப்பில் நுழைந்தபின்தான் வழி பிரிகிறது. மானோஸ்கள் ஐந்தாகக் குறைக்கப்பட்டதும், ஜி.என்.டி.-1 என்னும் நொதி ஒரு கிளை நுனியில் என்-அசிட்டைல்குளுக்கோசமைனை ஏற்றுகிறது. அந்த ஒரு சர்க்கரை ஏறினால்தான் அடுத்த நொதிகளுக்கு அனுமதி. பிறகு இரண்டு மானோஸ்கள் நீக்கப்படுகின்றன. விலங்குச் செல்லில் இதற்கு மேல் கிளைகள் நீண்டு, கேலக்டோஸும் சியாலிக் அமிலமும் ஏறி, அஸ்பராஜினை ஒட்டியிருக்கும் முதல் என்-அசிட்டைல்குளுக்கோசமைனின் ஆறாம் கார்பனில் ஃபியூகோஸ் ஒன்றும் வைக்கப்படலாம். செடியிலோ நடுமானோஸில் சைலோஸ் ஒன்று ஏறுகிறது. அதே முதல் என்-அசிட்டைல்குளுக்கோசமைனில் ஃபியூகோஸும் ஏறுகிறது, ஆனால் மூன்றாம் கார்பனில்.

உங்கள் விடை இந்த மூன்றாம் கார்பனில் இருக்கிறது. பிஎன்கேஸ் எஃப் வெட்டும் இடம் அஸ்பராஜினுக்கும் அந்த முதல் சர்க்கரைக்கும் நடுவே. நொதியின் பள்ளத்தில் அந்தச் சர்க்கரை உட்காரும்போது ஆறாம் கார்பன் வெளியே பார்த்து நிற்பதால், விலங்கின் ஃபியூகோஸ் அதற்கு இடைஞ்சல் செய்வதில்லை. மூன்றாம் கார்பனோ நொதியின் உட்பக்கம் பார்க்கிறது. அங்கே ஃபியூகோஸ் இருந்தால் சங்கிலி பள்ளத்தில் உட்காரவே முடியாது. எண்டோ எச் தோற்றதற்குக் காரணம் வேறு: அது மானோஸ் மிகுந்த சங்கிலிகளையும் கலப்பினச் சங்கிலிகளையும் மட்டுமே, இரண்டு என்-அசிட்டைல்குளுக்கோசமைன்களுக்கு நடுவே, வெட்டும். கோல்கையில் மானோஸ்கள் நீக்கப்பட்டுவிட்ட சங்கிலி அதற்குப் பிடிகொடுக்காது. ரைபோநியூக்ளியேஸ் பி-யின் ஒரே சங்கிலியில் ஐந்து முதல் ஒன்பது வரை மானோஸ்கள் அப்படியே இருப்பதால்தான் அதை இரண்டு நொதிகளும் வெட்டின. சங்கிலி ஏறாத அதே புரதத்துக்குத்தான் ரைபோநியூக்ளியேஸ் ஏ என்று பெயர்.

ஆகவே இரண்டு தோல்விகளையும் சேர்த்துப் படித்தால், உங்கள் பலாக்கொட்டைப் புரதம் எண்டோபிளாச வலையைத் தாண்டி, கோல்கையில் செடிக்குரிய அறைகளுக்குள் நுழைந்து, ஃபியூகோஸ் வாங்கிக்கொண்டு வெளியே வந்திருக்கிறது என்று கொள்வதே பொருத்தம். இதை ஆய்வேட்டில் முடிவாக எழுதுவதற்கு முன் ஒரு சோதனை மிச்சம் இருக்கிறது. உங்கள் சாற்றில் நொதியைத் தடுக்கும் பொருள் ஏதேனும் வந்திருக்கக்கூடும் என்று தேர்வாளர் கேட்பார். அதனால் ஒப்பீட்டுப் புரதத்தைத் தனிக்குழாயில் வைத்தது போதாது. பலாக்கொட்டைப் புரதம் இருக்கும் அதே குழாயில் சேர்த்துச் செய்ய வேண்டும். அதற்கு ரைபோநியூக்ளியேஸ் பி வேண்டாம், அதன் பட்டை உங்கள் மேல்பட்டையின் மேலேயே வந்து விழும். மாட்டுக் கருச்சீரப் புரதமான ஃபெட்டுயினைச் சேருங்கள். அதில் மூன்று என்-சங்கிலிகள் இருப்பதால் ஜெல்லின் மேற்பகுதியில் இறக்கம் தெளிவாகத் தெரியும்.


மறுமொழி 2
குகை, ரத்த வங்கி எழுதியது:

ஆசிரியர் ஐயா சொன்ன "எந்தச் சர்க்கரை, எந்தக் கார்பனில்" என்பதை நாங்கள் ஒவ்வொரு நாளும் கண்ணாடிக் குழாயில் பார்க்கிறோம் என்பதால் இதை எழுதுகிறேன். நான் சேலத்தில் ரத்த வங்கிப் பரிசோதகராகப் பதினெட்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன்.

ஏ, பி, ஓ வகை என்பது முழுக்க முழுக்கச் சர்க்கரை நுனியின் கதை. சிவப்பணுச் சவ்வில் மிகுதியாக இருக்கும் பேண்ட் 3 புரதத்தில் ஒரே ஒரு என்-சங்கிலிதான் உண்டு. ஆனால் அது நீண்டு கிளைத்த சங்கிலி. அதன் நுனிக் கேலக்டோஸின் இரண்டாம் கார்பனில் ஃபியூகோஸ் ஏறினால் அது எச். அதே கேலக்டோஸின் மூன்றாம் கார்பனில் என்-அசிட்டைல்கேலக்டோசமைன் ஏறினால் ஏ, கேலக்டோஸ் ஏறினால் பி. ஏற்றும் நொதிகள் இரண்டுக்கும் நான்கே நான்கு அமினோ அமிலங்கள்தான் வேறுபாடு. ஓ வகையினரில் பெரும்பாலோருக்கு அந்த மரபணுவில் ஓர் எழுத்து விடுபட்டுப் போயிருக்கிறது. அதனால் நொதி பாதியிலேயே முறிந்து, எச் நுனி அப்படியே நிற்கிறது.

இதில் பலாக்கொட்டை போலவே நம் மண்ணின் இன்னொரு வித்துக்கும் பங்கு உண்டு. கொள்ளுதான் அது. மானாவாரி நிலத்தில் விளையும் கொள்ளின் லெக்டின் என்-அசிட்டைல்கேலக்டோசமைனைப் பிடிக்கும். ஏ வகைக்குள்ளேயே ஏ1, ஏ2 என்று உட்பிரிவுகள் உண்டு. தக்க அளவுக்கு நீர்த்த கொள்ளுச் சாறு ஏ1 அணுக்களைத் திரளச் செய்யும், ஏ2 அணுக்களைத் திரளச் செய்யாது. குழாயைச் சுழற்றி எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே மெல்லச் சாய்த்தால், ஏ1 அணுக்கள் அடியில் ஒரே சிவப்புப் பொத்தானாகப் பெயர்ந்து நகரும். ஏ2 அணுக்கள் புகைபோல் கலைந்து மேலெழும். ஒரே சர்க்கரைதான் இரண்டிலும் இருக்கிறது, ஏ2-இல் அது எண்ணிக்கையில் மிகவும் குறைவு.

வரிசை எவ்வளவு முக்கியம் என்பதற்கு நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஓ என்று எழுதப்பட்ட ஒரு நோயாளிக்கு எந்த ஓ ரத்தமும் பொருந்தவில்லை. ஒரு பையை வைத்துப் பார்த்தேன், திரண்டது, இன்னொன்றும் திரண்டது, ஆறு பைகள் வரை திரண்டன. எச் நுனியைப் பிடிக்கும் லெக்டினை அவருடைய அணுக்களில் சேர்த்தபோது ஓ அணுக்களில் பளிச்சென்று வர வேண்டிய திரட்சி துளியும் வரவில்லை. அவருக்கு எச்சும் இல்லை, பம்பாய் வகை. 1952-இல் பெண்டேயும் அவருடைய கூட்டாளிகளும் பம்பாயில் முதன்முதலாக விவரித்தது இது. அந்த முதல் ஃபியூகோஸை ஏற்றும் நொதி இல்லாதவருக்கு, ஏ நொதியோ பி நொதியோ முழுத் திறனுடன் இருந்தாலும் பயனில்லை, ஏறுவதற்கு இடமே கிடையாது. பம்பாய் வகையினரின் ரத்தம் மட்டுமே அவருக்குச் சேரும் என்பதால், வெளியூரிலிருந்து ஒரு கொடையாளரை வரவழைத்த பிறகே ஏற்ற முடிந்தது. முந்தைய பட்டறை மூடியிருந்தால் அடுத்த பட்டறைக்காரர் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும் என்பதை அன்று கண்ணால் பார்த்தேன்.


மறுமொழி 3
ஏற்காட்டு மாணவி எழுதியது:

ஆசிரியர் ஐயாவுக்கும் ரத்த வங்கி அண்ணாவுக்கும் மிக்க நன்றி. ஃபெட்டுயின் எங்கள் துறையிலேயே கொஞ்சம் இருந்தது. அதே குழாயில் சேர்த்துச் செய்தேன். ஃபெட்டுயின் பட்டை இறங்கியது, பலாக்கொட்டைப் பட்டைகள் அசையவில்லை. ஆகவே தடைப்பொருள் இல்லை என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியும்.

இரண்டு கேள்விகள் எஞ்சியிருக்கின்றன. ஜி.என்.டி.-1 என்ற ஒரே நொதியின் கையில் இவ்வளவும் தங்கியிருக்கிறது என்றால், அது இல்லாத உயிர் பிழைக்குமா? இன்னொன்று, ஜாகலினே ஒரு லெக்டின் அல்லவா. அது பிடிக்கும் சர்க்கரைச் சங்கிலியும் இதே என்-சங்கிலிதானா?


மறுமொழி 4
அஸ்தம்பட்டி ஆசிரியர் எழுதியது:

முதல் கேள்வி மிகவும் நல்ல கேள்வி. அந்த நொதி இல்லாத அரபிடாப்சிஸ் செடியை 1990-களில் கண்டெடுத்தார்கள். சைலோஸும் ஃபியூகோஸும் ஏறாத சங்கிலிகளோடு அது வழக்கமான சூழலில் நன்றாகவே வளர்ந்து விதை விட்டது. எலியில் அதே மரபணுவை நீக்கியபோது கரு ஏறத்தாழப் பத்தாம் நாளுக்கு மேல் தாங்கவில்லை. செடிக்கு இல்லாமல் நடக்கிற ஒன்று விலங்கின் உடல் உருவாக்கத்துக்கு இன்றியமையாததாக இருக்கிறது. செல்லும் செல்லும் ஒன்றையொன்று அறிந்துகொள்ளும் வேலையில் விலங்குகள் இந்தச் சங்கிலிகளை எவ்வளவு நம்பியிருக்கின்றன என்பதை இதைவிடத் தெளிவாக எனக்கு வேறு எந்தச் சோதனையும் காட்டியதில்லை.

இரண்டாவதற்கு விடை, இல்லை. ஜாகலின் விரும்பிப் பிடிப்பது ஓ-சங்கிலியை. செரின் அல்லது திரியோனினில் ஒற்றை என்-அசிட்டைல்கேலக்டோசமைன் கோல்கையில் ஏறி, அதன்மேல் கேலக்டோஸ் முதலியவை ஒவ்வொன்றாக ஏறுவதுதான் ஓ-சங்கிலி. 14 சர்க்கரைக் கட்டு, டோலிகால், குறித்த அமினோ அமில வரிசை எதுவும் அங்கே கிடையாது. மனித இம்யூனோகுளோபுலின் ஏ1-இன் கீல்பகுதியில் இத்தகைய சங்கிலிகள் நெருக்கமாக இருப்பதால், அதைப் பிரித்தெடுக்க ஆய்வகங்கள் உங்கள் பலாக்கொட்டை லெக்டினைத்தான் பயன்படுத்துகின்றன. அந்தச் சங்கிலிகளில் கேலக்டோஸ் குறைந்துபோவது ஐ.ஜி.ஏ. சிறுநீரக நோயோடு தொடர்புடையது. ஓ-சங்கிலியை முழுதாக நீக்கப் பிஎன்கேஸ் எஃப் போல எல்லாவற்றுக்கும் பொதுவான நொதி எதுவும் இல்லை. பெரும்பாலும் காரத்தைக் கொண்டு வேதிமுறையில்தான் பிரிக்கிறார்கள்.


மறுமொழி 5
ஆத்தூர்–பெங்களூரு எழுதியது:

நான் ஆத்தூர்க்காரன், பெங்களூருவில் உயிர்மருந்துத் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். மாணவி கண்ட அதே வேறுபாட்டின் மேல்தான் எங்கள் வேலை நடக்கிறது. எதிர்ப்பொருள் மருந்தின் ஒவ்வொரு கன சங்கிலியிலும் (அதன் பெரிய புரத இழையிலும்) 297-ஆம் அஸ்பராஜினில் என்-சங்கிலி ஒன்று இருக்கும். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் சிறிதளவு எடுத்துப் பிஎன்கேஸ் எஃப் கொண்டு சங்கிலியை விடுவித்து, ஒளிரும் சாயம் ஒட்டி, நிரலில் ஓட்டினால் திரையில் வரிசையாகக் குன்றுகள் எழும்: கேலக்டோஸ் இல்லாதது, ஒன்று உள்ளது, இரண்டு உள்ளது. புரதத்தின் அமினோ அமில வரிசை இம்மியும் மாறாதபோதே, வளர்ப்புத் தொட்டியில் ஏதோ ஒன்று மாறினால் அந்தக் குன்றுகளின் உயரம் மாறிவிடும். முதல் சர்க்கரையில் ஃபியூகோஸ் இல்லாமல் செய்தால் எதிர்ப்பொருள் கொல்லும் செல்களின் ஏற்பியை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும் என்பதால், சில மருந்துகளை வேண்டுமென்றே அப்படித் தயாரிக்கிறார்கள்.

செடியின் சங்கிலி மருந்தாகவும் வந்திருக்கிறது, அதைத்தான் குறிப்பாகச் சொல்ல வந்தேன். கோஷே நோயில் குளுக்கோசெரிப்ரோசிடேஸ் என்னும் நொதி குறைந்துபோகிறது. அதை வெளியிலிருந்து கொடுத்தால் பெருவிழுங்கிச் செல்களுக்குள் போய்ச் சேர வேண்டும். அந்தச் செல்கள் நுனியில் மானோஸ் தெரியும் சங்கிலியைப் பிடித்து உள்ளே இழுக்கும். விலங்குச் செல்லில் தயாரித்த நொதியில் மானோஸ் சியாலிக் அமிலத்துக்கும் கேலக்டோஸுக்கும் என்-அசிட்டைல்குளுக்கோசமைனுக்கும் அடியில் புதைந்து கிடப்பதால், மூன்று நொதிகளை அடுத்தடுத்துப் பயன்படுத்தி உரித்தெடுக்கிறார்கள். கேரட் செல்லில் தயாரித்து, 2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாலிகுளுசரேஸ் ஆல்ஃபாவுக்கு அந்த உரிப்பு தேவைப்படவில்லை. புரதத்தைச் செடியின் வெற்றிடப்பைக்கு அனுப்பினால், அங்கே இருக்கும் நொதியே நுனி என்-அசிட்டைல்குளுக்கோசமைனை நீக்கி மானோஸை வெளிக்காட்டிவிடுகிறது. வித்துக்களில் சேமிப்புப் புரதங்கள் தங்கியிருப்பதும் அத்தகைய பைகளில்தான் என்பதால், உங்கள் சங்கிலியும் மூன்று மானோஸ், சைலோஸ், ஃபியூகோஸ் என்று குட்டையாகவே முடிந்திருக்கும் என்று எதிர்பார்க்கலாம்.


மறுமொழி 6
அஸ்தம்பட்டி ஆசிரியர் எழுதியது:

ஆத்தூர் தம்பி சொன்னதைச் சோதிக்க விலை குறைந்த வழி ஒன்று இருக்கிறது. குதிரைமுள்ளங்கிப் பெராக்சிடேஸுக்கு எதிராக முயலில் எடுத்த எதிர்ப்பொருள், அந்தப் புரதத்தை மட்டும் அல்லாமல், செடிக்குரிய சைலோஸையும் மூன்றாம் கார்பன் ஃபியூகோஸையும் தாங்கிய எந்தச் சங்கிலியையும் பிடிக்கும். உங்கள் ஜெல்லைச் சவ்வுக்கு மாற்றி அதைக்கொண்டு பாருங்கள். நிறம் காட்டும் இரண்டாம் எதிர்ப்பொருளில் பெராக்சிடேஸ் பிணைத்திருந்தால் குழப்பம் வரும். ஆல்கலைன் பாஸ்ஃபட்டேஸ் பிணைத்ததை வாங்குங்கள்.

வெட்டியே தீர வேண்டும் என்றால் பாதாம் பருப்பிலிருந்து எடுக்கும் பிஎன்கேஸ் ஏ இருக்கிறது. மூன்றாம் கார்பன் ஃபியூகோஸ் அதற்குத் தடையில்லை. முழுப் புரதத்தின் மேல் அது மந்தமாகவே வேலை செய்யும் என்பதால், முதலில் பெப்சின் அல்லது டிரிப்சின் கொண்டு புரதத்தைத் துண்டுகளாக்கிவிட்டு, பி.எச். 5 அளவில் வைத்துச் செய்யுங்கள். துண்டுகளாக்கியபின் ஜெல்லில் பட்டையைத் தேடிப் பயனில்லை. மூலக்கூறின் நிறையை அளக்கும் நிறைமாலையில்தான் பார்க்க வேண்டும். சங்கிலி விடுபட்ட அஸ்பராஜின் அஸ்பார்ட்டிக் அமிலமாக மாறி, அந்தத் துண்டின் நிறை ஏறத்தாழ ஒரு டால்டன் கூடியிருக்கும். சங்கிலி எந்த அஸ்பராஜினில் இருந்தது என்பதையும் அந்த ஒரு டால்டனே காட்டிவிடும்.


மறுமொழி 7
ஏற்காட்டு மாணவி எழுதியது:

எதிர்ப்பொருள் பக்கத்து ஆய்வகத்தில் இரவலாகக் கிடைத்தது. நேற்று மாலை சவ்வைச் சாயக்கரைசலில் இட்டேன். ஐந்து நிமிடத்தில் 15 கிலோடால்டன் இடத்தில் ஊதா நிறக் கோடு எழுந்தது. 12 கிலோடால்டன் இடம் கடைசிவரை வெள்ளையாகவே இருந்தது. ஒப்பீட்டுக்கு வைத்த ரைபோநியூக்ளியேஸ் பி-யிலும் எதுவும் எழவில்லை. பிஎன்கேஸ் எஃப் இட்ட குழாயையும் இடாத குழாயையும் அருகருகே ஓட்டியிருந்தேன். இரண்டிலும் கோடு ஒரே உயரத்தில், ஒரே அடர்த்தியில் இருந்தது. பிஎன்கேஸ் ஏ வாங்குவதற்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.